ஐ.வி.எஃப் வெற்றி எதைப் பொறுத்தது? வாசல் போர்டில் போடும் சதவீதத்தை நம்பலாமா?

கயல் திண்டுக்கல்

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. எனக்கு 34 வயது, கணவருக்கு 38. கல்யாணமாகி ஏழு வருஷம். மாத்திரை, ஐ.யு.ஐ. (விந்தணுவை நேரே கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் தங்கவில்லை. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச் ரத்த டெஸ்டில் 1.1 என்று வந்திருக்கிறது, அது குறைவாம். இனி ஆய்வகத்தில் கருவை உருவாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப் தான் என்கிறார்கள்.

இரண்டு இடத்தில் விசாரித்தோம். ஒரு மையத்தில் நுழையும்போதே "80% வெற்றி" என்று பெரிய போர்டு, சுவர் முழுக்கக் குழந்தைகள் படம். இன்னொரு இடத்தில் டாக்டரம்மா நம்பர் எதுவும் சொல்லவில்லை. "பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். மாமியாருக்கு முதல் இடம்தான் பிடித்திருக்கிறது. நம்பர் சொல்லத் தைரியம் இல்லாதவரிடம் ஏன் போகணும் என்கிறார்.

வெற்றி உண்மையில் எதைப் பொறுத்தது? மையமா, டாக்டரா, நம் உடம்பா, இல்லை நேரமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெட்ரித்தட்டு

கயல், நான் கரு ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை, முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துக் கருவை வளர்க்கும் அறையில் இருப்பவள். அதனால் போர்டு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

80% என்றால் எதில் 80? ஒரு பேச்சுக்கு 100 பெண்கள் ஊசி தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். சிலருக்கு முட்டை வளராமல் பாதியில் நிறுத்துவார்கள். சிலருக்கு முட்டை கிடைத்தும் கரு உருவாகாது. கடைசியில் 80 பேருக்குக் கரு வைக்கிறார்கள். அதில் 40 பேருக்கு பீட்டா, அதாவது கர்ப்பத்துக்கான ரத்த டெஸ்ட், பாசிட்டிவ். 34 பேருக்கு ஸ்கேனில் துடிப்பு தெரிகிறது. 28 பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதே மையம் "எங்கள் வெற்றி 50%" என்று போர்டு போடலாம், 80 பேரில் 40 பாசிட்டிவ். 28% என்றும் போடலாம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் நீங்கள் போவது பாசிட்டிவ் ரிப்போர்ட்டுக்கா, குழந்தைக்கா?

ஊசியிலிருந்து கரு வைப்பதுவரை ஒரு சுற்றைத்தான் சைக்கிள் என்பார்கள். தானமாக வாங்கிய முட்டையில் செய்த சைக்கிள்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டால் எண் இன்னும் ஏறும். ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகக் கரு வைத்தாலும் ஏறும். கூடவே இரட்டைக் குழந்தை, குறைப்பிரசவம், இன்குபேட்டர் செலவும் ஏறும்.

ஆகவே அங்கே போய்க் கேட்க வேண்டியது இதுதான்: "என் வயதுக்காரர்கள், சொந்த முட்டையில், ஊசி தொடங்கியவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?" பதில் சொல்பவரின் முகத்தையும் பாருங்கள்.

சுழிபுரத்தாள்

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே இதற்கென்றே அரசுக் கண்காணிப்பு ஆணையம் ஒன்று இருக்கு, நாடு முழுக்க நடக்கும் ஒவ்வொரு சைக்கிளையும் பதிந்து வைக்கும். 2022க்கு அவர்கள் வெளியிட்ட கணக்கில், 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்குச் சொந்த முட்டையில் உருவான கரு ஒன்றை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35% அளவில். 43, 44 வயதில் அது 5%. ஒரே நாடு, ஒரே மாதிரி ஆய்வகங்கள், ஒரே மருந்து. வயது மட்டும்தான் வேறு.

உங்கள் போர்டில் இருக்கும் 80ஐ இதோடு வைத்துப் பாருங்கோ. எனக்கு முதல் சந்திப்பிலேயே நர்ஸ் ஒரு தாளைத் தந்து, என் வயதுக்கு நேரே விரலை வைத்துக் காட்டினவ. அண்டைக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் பிறகு யாரும் என்னை ஏமாற்றவில்லை.

இந்தியாவில் அப்படிப் பார்க்க ஏலாதா?

பில் படிப்பவன்

2021ல் சட்டம் வந்தது. மையங்கள் எல்லாம் மத்திய அரசின் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். பெண்ணுக்கு 21லிருந்து 50க்குள், ஆணுக்கு 21லிருந்து 55க்குள் என்று வயது வரம்பும் உண்டு. ஆனால் மையம் வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பட்டியல் நம் கைக்கு வரவில்லை. அதுவரை போர்டுதான், போர்டு வைத்தவர் சொன்னதுதான். பதிவு எண்ணையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள் கயல், தயங்காதீர்கள். பவுன் வாங்கும்போது முத்திரை பார்ப்பதில்லையா?

கயல் திண்டுக்கல்

நன்றி. இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. எனக்கு இன்னொரு பயம். ஏ.எம்.ஹெச் 1.1 என்றதும் அந்த முதல் இடத்தில் "முட்டை தீர்ந்துக்கிட்டிருக்கு, தள்ளிப்போட்டா தானம்தான் வாங்கணும்" என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை.

பெட்ரித்தட்டு

ஏ.எம்.ஹெச் சொல்வது எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை. முட்டையின் தரத்தைச் சொல்வது அதிகமும் வயதுதான். இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துவது இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம். 34 வயதில் 1.1 இருப்பவருக்கு முட்டை குறைவாகக் கிடைக்கலாம், கிடைப்பதில் நல்லது இருக்க வாய்ப்பு நிறைய. 42 வயதில் ஏ.எம்.ஹெச் 3 இருப்பவருக்கு எண்ணிக்கை நிறைய இருக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் குரோமோசோம் கணக்கு தப்பியிருக்கும். அப்படிப்பட்ட கரு ஒட்டாது, ஒட்டினாலும் பெரும்பாலும் நிலைக்காது. 45 வயதுப் பெண்ணுக்கு 27 வயதுப் பெண்ணின் தான முட்டையில் கரு வைத்தால் நன்றாகவே தங்குகிறதே, அதிலிருந்தே தெரியவில்லையா, வயதாவது முதலில் முட்டைக்குத்தான், கர்ப்பப்பைக்கு அவ்வளவு இல்லை என்று.

ஆய்வகத்தில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு ஃபோன் வரும்போது அதிர்ச்சி குறையும். 10 முட்டை எடுத்தால் சுமார் 8 முதிர்ந்திருக்கும். மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு சின்ன வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கணும், ஒன்று அம்மாவுடையது, மற்றது அப்பாவுடையது. அப்படி நிற்பது ஐந்தோ ஆறோதான். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் என்ற வளர்ந்த கரு நிலை வரை போய்ச் சேர்வது இரண்டு, மூன்று. இது நல்லபடியாகப் போகும் சைக்கிளின் கணக்கு. "பத்து எடுத்தாங்களே, மீதி எங்கே போச்சு" என்று சண்டைக்கு வராதவர்கள் குறைவு.

மையத்தால் வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. அது வரவேற்பறை சோபாவில் தெரியாது, உள்ளே இருக்கிறது. 37 டிகிரி வெப்பம், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் அளவு, வடிகட்டிய காற்று. நாங்கள் சென்ட், பவுடர், பூ எதுவும் வைத்துக்கொண்டு உள்ளே போக மாட்டோம். சின்ன ஊர் மையங்கள் சிலவற்றில் எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது என்னைப் போல் கரு வளர்ப்பவர், நிரந்தரமாக இருப்பதில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் வரும் தேதிக்கு ஏற்ற மாதிரி எல்லாருக்கும் ஊசியைத் திருப்பிவிட்டு, மொத்தமாக ஒரே வாரத்தில் முட்டை எடுப்பார்கள். பேட்ச் என்று சொல்வது அதுதான். முட்டை முதிர்வது அவரவர் உடம்பின் நாளில். ரயில் டிக்கெட் தேதியில் அல்ல. ஆகவே "உங்க எம்ப்ரியாலஜிஸ்ட் இங்கேயே இருக்காங்களா?" என்று கேளுங்கள். கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள், தப்பில்லை.

மதுரைவீரன்82

இத்தனை பதிவு ஆச்சு, வீட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. கயல், அவருக்கு டெஸ்ட் எப்போது எடுத்தது?

என் கதை சுருக்கமாக. வீட்டில் எல்லாரும் என் மனைவியைத்தான் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள். அவளுக்குக் கருக்குழாய் அடைப்பு பார்க்கும் ட்யூப் டெஸ்ட், வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்க்கும் லேப்ரோஸ்கோபி எல்லாம் முடிந்தது. எனக்கு ஒரு சின்ன டப்பாவில் சாம்பிள் கொடுக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கொடுத்துப் பார்த்தால் விந்தணு மில்லிக்கு 4 மில்லியன். உலக சுகாதார நிறுவனம் 2021ல் போட்ட அளவுகோலில் கீழ் எல்லையே 16 மில்லியன். வெரிக்கோசில் (விரைப்பை ரத்தக் குழாய் வீக்கம்) இருந்தது, பான்பராக் பழக்கமும் இருந்தது.

விந்தணு ஒன்று உருவாகி வெளியே வர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதனால் இன்றைக்கு நிறுத்தினால் அடுத்த வாரம் ரிப்போர்ட் மாறாது, மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். சைக்கிள் தொடங்கும் மாதத்தில் புகையிலையை விட்டுவிட்டு "நானும் விட்டேனே" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை, தம்பிகளா.

இன்னொன்று, என் சித்தப்பா மகன் விஷயம். ஜிம்மில் உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டான். ஆண்மைக்கான ஊசிதானே, நல்லதுதானே என்ற நினைப்பு. வெளியிலிருந்து அது உள்ளே போனால் உடம்பு தானாக விந்தணு தயாரிப்பதை நிறுத்திக்கொள்ளும். ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று வந்தது. நிறுத்தி ஒரு வருஷம் ஆனது திரும்ப வருவதற்கு.

கோபி அத்தை

எல்லாரும் நம்பராவே பேசறீங்க கண்ணுகளா. எங்க பக்கத்துல மலைவேம்புச் சாறு குடிச்சு நின்ன புள்ளைங்க எத்தனையோ. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்யும் வாங்கிச் சாப்பிடு கயலு. கரு வச்சப்புறம் படியே ஏறக்கூடாது, ஆட்டோவே ஆகாது. என் அண்ணன் மருமவ கட்டிலை விட்டு இறங்கவேயில்லை, இப்ப பேரன் ஓடியாடறான்.

பெட்ரித்தட்டு

அத்தை, நெய்யில் எனக்குச் சண்டையே இல்லை. தாராளமாகச் சாப்பிடட்டும். மலைவேம்புதான் யோசிக்க வேண்டியது. ஊசி போடும் காலத்தில் எந்தச் சாறு, லேகியம், பொடி எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உள்ளே என்ன மருந்தோடு என்ன கலக்கும் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

படுக்கை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கர்ப்பப்பை காலியான பை இல்லை; முன் சுவரும் பின் சுவரும் ஒட்டியபடியே இருக்கும். அதற்கு நடுவில் வைத்த கரு எழுந்து நடந்தால் விழாது, இருமினாலும் விழாது. படுக்க வைத்தும் நடக்கவிட்டும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. சிலவற்றில் அவர்களுக்கு முடிவு சற்று மோசம். உங்கள் அண்ணன் மருமகளுக்கு நின்றது நல்ல கரு. அவர் நடமாடியிருந்தாலும் நின்றிருக்கும். நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்தால் மனசுதான் கெடும், மலச்சிக்கல் வேறு.

அப்புறம் இந்த வீட்டு டெஸ்ட் கார்டு. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக, கரு வைத்த நாலாம் நாளே கோடு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். முட்டை எடுப்பதற்கு முன்னால் போடும் ஹெச்.சி.ஜி. ஊசி உடம்பில் பத்து நாளுக்கு மேல்கூடத் தங்கும். கார்டு தேடுவதும் அதே ஹார்மோனைத்தான், ஆகவே அதுவே பொய்யாகக் கோடு காட்டும். சொன்ன தேதியில் ரத்தத்தில் பீட்டா பாருங்கள்.

மழைக்காலம்

சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்) இருக்கும் நீர்க்கட்டிக்காரி என்ற முறையில் ஒன்று. எங்கள் கேஸ் கயலுக்கு நேர் எதிர், முட்டைக்குப் பஞ்சமில்லை, வெளியே வருவதுதான் இல்லை. என் டாக்டர் நேரே ஐ.வி.எஃப் போகவிடவில்லை. எடையில் 5லிருந்து 10% குறை, பிறகு பேசலாம் என்றார். கோபம் வந்தது. குண்டாக இருப்பதைச் சொல்லிக்காட்டுகிறார் என்று தோன்றியது. ஆனால் கொஞ்சம் குறைந்ததுமே பீரியட்ஸ் ஒழுங்காகிவிட்டது, முட்டையை வெளியே வரவைக்கும் லெட்ரோசோல் மாத்திரையிலேயே கரு நின்றுவிட்டது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஐ.வி.எஃப் வரை போகிற நீர்க்கட்டிக்காரர்கள், ஊசிக்கு முட்டை அளவுக்கு மீறி வளர்ந்து வயிறு வீங்கும் ஆபத்தைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். அந்த மாதம் கரு வைக்காமல் உறைய வைத்துவிட்டு அடுத்த மாதம் வைப்பது நல்லது என்பார்கள். அது காசு பிடுங்க இல்லை.

பில் படிப்பவன்

காசு பிடுங்குவது எது என்று நான் சொல்கிறேன். எங்களுக்குக் கொடுத்த பில்லில் மருந்து, முட்டை எடுப்பது, கரு வைப்பது தவிர ஒரு தனிப் பக்கமே இருந்தது. லேசர் ஹேட்சிங் (கருவின் ஓட்டில் லேசரில் துளை போடுவது), கர்ப்பப்பைச் சுவரைச் சுரண்டுவது, ஈ.ஆர்.ஏ டெஸ்ட் (உள்சுவர் கருவை ஏற்கும் நாளைப் பார்ப்பது), இன்ட்ராலிபிட் டிரிப் (கொழுப்புக் கரைசல் ஏற்றுவது), கருவுக்குக் குரோமோசோம் டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். நாங்கள் டிக் போடவில்லை, அவர்களே போட்டிருந்தார்கள்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். சுவரைச் சுரண்டினால் கரு நன்றாக ஒட்டும் என்று ரொம்ப நாள் செய்துவந்தார்கள். 2019ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 1,364 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. குழந்தை பிறந்தது சுரண்டியவர்களில் 26.1%, சுரண்டாதவர்களிலும் 26.1%. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம்கூட மாறவில்லை! குரோமோசோம் டெஸ்ட் அடிக்கடி கலைபவர்களுக்கோ பரம்பரை நோய் இருப்பவர்களுக்கோ பேசத் தக்க விஷயம். மற்றவர்களுக்கு அது மோசமான கருவை நல்லதாக்கப் போவதில்லை, இருப்பதில் பொறுக்கத்தான் செய்யும். ஒன்றோ இரண்டோ கரு வைத்திருப்பவர் எதைப் பொறுக்குவது?

அந்தப் பக்கத்தை மடித்து டாக்டர் மேசையிலேயே வைத்துவிட்டு, "இதில் எது எங்களுக்கு, ஏன்?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் தானாகவே போய்விட்டது.

சுழிபுரத்தாள்

மனசைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. "டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆனால் தங்காது" என்று எல்லாரும் சொல்லியே எனக்கு டென்ஷன். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011ல் 14 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவை, 3,500க்கு மேற்பட்ட பெண்கள். சைக்கிளுக்கு முன்னம் மனம் நொந்திருந்தவர்களுக்கும் அமைதியாய் இருந்தவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. ஆகவே அழுகை வந்தால் அழுங்கோ. அழுததால் கரு போகாது. ஆனால் மனம் விட்டுப்போய்ப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய, அதில்தான் மனசு வேலை காட்டும்.

கயல் திண்டுக்கல்

இன்றைக்கு மொத்த ஃபைலையும் எடுத்துப் பரப்பி வைத்து உட்கார்ந்தேன். மதுரைவீரன் அண்ணா, அவருடைய ரிப்போர்ட் 2019ல் எடுத்தது. "நார்மல்" என்று போட்டிருக்கிறது, அதற்குப் பிறகு யாரும் கேட்கவே இல்லை. இடையில் அவருக்கு சுகர் வேறு வந்திருக்கிறது.

இன்னொன்று. என் ட்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கடைசி வரியில் "வலது ட்யூபில் ஹைட்ரோசால்பின்க்ஸ்" என்று இருக்கிறது. அந்த முதல் இடத்தில் கேட்டதற்கு, "ஐ.வி.எஃப்ல ட்யூபுக்கு வேலையே இல்லை, அதைப் பற்றிக் கவலைப்படாதீங்க" என்றார்கள். அது என்ன?

பெட்ரித்தட்டு

கயல், இந்த வரியைத்தான் அந்த இரண்டாவது டாக்டரம்மா தேடியிருப்பார்.

ஹைட்ரோசால்பின்க்ஸ் என்றால் ட்யூபின் முனை அடைத்து உள்ளே நீர் கோத்து வீங்கியிருப்பது. கரு ட்யூப் வழியாக வரப்போவதில்லை, அதுவரை அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்துகொண்டே இருக்கும், கருவுக்கு ஆகாது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கரு வைத்தால் தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. முதலில் லேப்ரோஸ்கோபியில் அந்த ட்யூபை எடுத்துவிடுவார்கள், அல்லது கர்ப்பப்பையோடு சேரும் இடத்தில் கிளிப் போட்டு அடைப்பார்கள். லட்சங்களில் வாங்கும் கூடுதல் சமாச்சாரங்கள் எதுவும் இந்த அளவுக்கு வித்தியாசம் செய்வதில்லை.

உங்கள் ஏ.எம்.ஹெச் குறைவு என்பதால் ஒரு யோசனை, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ட்யூபை எடுக்கும்போது சினைப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் கொஞ்சம் பாதிக்கப்படலாம். அதனால் முதலில் முட்டை எடுத்துக் கருவை உறைய வைத்துக்கொண்டு, பிறகு ட்யூபைக் கவனித்து, அதன்பின் கரு வைக்கலாமா என்று கேளுங்கள். நீர் ஏன் கோத்தது என்றும் கேளுங்கள். நம் நாட்டில் ட்யூப் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். நுரையீரலில் ஒன்றும் இல்லாமலே, இருமல்கூட இல்லாமல், கர்ப்பப்பைப் பக்கம் வந்து போயிருக்கும். அது உள்சுவரையும் மெலிய வைத்துவிடும். கரு வைக்கும் முன் உள்சுவர் 7 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காசநோய் இருந்தால் அதற்கு மருந்து முடித்துவிட்டுத்தான் மற்றது.

வீட்டுக்காரருக்கு சுகர் என்றால் டெஸ்ட் கட்டாயம் புதிதாக எடுக்கணும். 2019 ரிப்போர்ட் இப்போது உதவாது.

கோபி அத்தை

கயலு, மாமியாகிட்ட இந்த ட்யூப் விஷயத்தை நீயே சொல்லாத, உன் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லு. மகன் சொன்னா ஏறும். விசேஷம் உண்டான்னு கேட்கிற சனங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், எந்த மாசம் என்ன பண்றோம்னு ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை. நெய் மட்டும் நான் வாங்கி அனுப்பறேன்.

மழைக்காலம்

அத்தை சொன்னதில் நூறு சதவீதம் போர்டு போடலாம் :)

செலவு பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவையிலேயே நின்றுவிடும் என்று இருக்கிற நகை எல்லாவற்றையும் ஒரே சைக்கிளுக்கு வைத்துவிடாதீர்கள். ஒரு தடவை முட்டை எடுத்து உறைய வைத்த கருக்கள் எல்லாவற்றையும் வைத்து முடிக்கும்வரை அது ஒரே முயற்சிதான் என்று கணக்கு வையுங்கள். சென்னை வர முடியும் என்றால் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் தொடங்கியிருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

கயல் திண்டுக்கல்

எல்லாருக்கும் நன்றி. ஃபைலோடு இரண்டாவது டாக்டரம்மாவிடமே போகிறோம். என் கணவரும் டெஸ்ட் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் அங்கே அந்த ரூமில் சாம்பிள் கொடுக்கக் கூச்சப்படுகிறார். போன தடவையும் அதில்தான் பிரச்சினை. வீட்டிலிருந்து எடுத்துப் போகலாமா? எத்தனை நாள் இடைவெளி விடணும்?

பெட்ரித்தட்டு

கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி இருக்கட்டும். வீட்டில் எடுக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிடணும். லேபில் கொடுக்கும் டப்பாவை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு பாட்டில் வேண்டாம். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது, விந்தணு செத்துவிடும். வரும் வழியில் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏ.சி. காரில் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம். முதல் சொட்டுகள் சிந்தியிருந்தால் மறைக்காமல் லேபில் சொல்லிவிடட்டும், அதில்தான் எண்ணிக்கை அதிகம். காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் அதையும் சொல்லணும்.

மதுரைவீரன்82

காலையில் ஏழு மணிக்கே போகச் சொல்லுங்கள் கயல், கூட்டம் இருக்காது. தெரிந்த முகம் எதுவும் வராது.